தனியாகக் கிட்டார் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கோயில் அன்னதான வரிசையில் தட்டோடு நின்றாலும் சரி, யாராவது ஒருவர் "அண்ணே, கிட்டார் கத்துக்கணும்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் ஆசிரியர் இல்லை. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்தில் தனியாகத் தட்டுத்தடுமாறிப் பழகினவன், அவ்வளவுதான். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

ஆசிரியர் இல்லாமல் உண்மையிலேயே முடியுமா அண்ணே?

முடியும். பாட்டுப் பாடிக்கொண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்கள்) பிடித்து வாசிக்கிற அளவுக்கு வர ஆசிரியர் தேவையில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், விட்டுவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பாதிப் பேருக்குமேல் திறமை இல்லாமல் விடவில்லை. கையில் இருந்த கிட்டார் சரியில்லை. கம்பி விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும், சுருதி சேராது, அழுத்தினால் ரத்தம் கட்டும், மூன்று வாரத்தில் "எனக்கு வராதுப்பா" என்று அலமாரிமேல் தூக்கிப்போட்டுவிடுவார்கள். ஆசிரியரிடம் போயிருந்தால் முதல் நாளே கிட்டாரை வாங்கிப் பார்த்து இது ஆகாது என்று சொல்லியிருப்பார். தனியாகப் பழகுகிறவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் கீழே கிட்டாரைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் மாமாவுடைய பழைய கிட்டார் ஒன்று தொங்குகிறது. அது தேறுமா?

அநேகமாக அது கப்போக் கிட்டாராக இருக்கும். கப்போக் என்பது சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த ஒரு கம்பெனியின் பெயர், நம் ஊரில் மலாய்க்காரர்கள் விலை குறைந்த எந்த மரக் கிட்டாரையும் 'கித்தார் கப்போக்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பழசு என்பதற்காக ஒதுக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

முதலில் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நேராகப் பாருங்கள், பலகை வளைவு பார்க்கிற மாதிரி. லேசாக உள்வாங்கியிருந்தால் பரவாயில்லை. முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், சுவருக்கு அழகாக இருக்கட்டும்.

அடுத்து பர்ஸைத் திறங்கள். மைகாட், வங்கி அட்டை, டச் அண்ட் கோ, இப்படி மூன்று அட்டை எடுத்து ஒன்றாக அடுக்குங்கள். ஒரு அட்டை ஏறக்குறைய 0.76 மில்லிமீட்டர் தடிமன், மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடுகளுக்கு ஃபிரெட் என்று பெயர், தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அந்த அடுக்கைப் பன்னிரண்டாவது ஃபிரெட் மேல் வைத்துத் தடித்த கம்பிக்கு அடியில் நுழையுங்கள். கம்பியைத் தொட்டும் தொடாமலும் போனால் அருமையான கிட்டார். நான்கு அட்டை நுழைந்தாலும் சமாளிக்கலாம். ஐந்து அட்டை தாராளமாகப் போகிறது என்றால் அது கிட்டார் இல்லை, தண்டனை. மெல்லிய கம்பிப் பக்கம் இதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும், இரண்டரை அட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உயரமாக இருந்தால் சரிசெய்ய வழி உண்டு. உடம்புப் பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கிற வெள்ளைத் துண்டுக்கு சேடல் என்று பெயர். கம்பியைத் தளர்த்தினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். அதன் அடிப்பக்கத்தை மட்டும் சமமான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும், ஒரேயடியாகத் தேய்த்துவிட்டு என்னிடம் வராதீர்கள், தேய்த்ததை ஒட்ட முடியாது. பயமாக இருந்தால் ஈப்போவில் இசைக்கருவிக் கடை எதிலாவது 'செட்அப்' செய்துதரச் சொல்லுங்கள்.

தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கிற பள்ளம் போட்ட துண்டு, அதாவது நட், அதையும் பாருங்கள். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டில் எவ்வளவு இடைவெளி என்று கவனியுங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு போதும். அதற்குமேல் இருந்தால் முதல் ஃபிரெட்டில் அழுத்துகிற கார்டெல்லாம் உயிரை வாங்கும். இந்த வேலை மட்டும் கடைக்காரரிடம் விடுங்கள்.

புதிதாக வாங்கினால் எது?

சரியாகச் செட் செய்த யமஹா எஃப்310 ஒன்று கையில் கிடைத்தால் யோசிக்க வேண்டாம், இந்தோனேசியாவில் செய்கிறார்கள், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் வருகிறது, விற்றாலும் வாங்க ஆள் உண்டு. நைலான் கம்பி வேண்டுமென்றால் அதே கம்பெனியின் சி40. நைலான் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கழுத்து அகலம், நட்டருகே ஐந்து சென்டிமீட்டருக்குமேல். சின்னக் கையாக இருந்தால் வாங்குவதற்குமுன் பிடித்துப் பாருங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் பளபளவென்று இருந்ததை நம்பி இணையத்தில் 99 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்று வாங்கினேன், பெட்டியைப் பிரித்தால் கழுத்து வாழைப்பழம் மாதிரி. அனுப்பியவரிடம் கேட்டேன், வெயில்பட்டிருக்கும் என்றார். அந்தக் காசுக்குப் பழைய கிட்டார் ஒன்றை நேரில் பார்த்து, மூன்று அட்டை வைத்துப் பார்த்து வாங்கியிருக்கலாம்.

நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பி போட்டால் சத்தம் கூடுமே?

கூடும், ஒரு வாரம். அப்புறம் பிரிட்ஜ், அதாவது உடம்பில் கம்பி மாட்டியிருக்கிற மரத்துண்டு, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 70 கிலோ, நைலான் ஏறக்குறைய அதில் பாதி. போடவே போடாதீர்கள்.

விரல் நுனி எரிகிறது. எத்தனை நாளைக்கு?

தினமும் வாசித்தால் இரண்டு மூன்று வாரம், சிலருக்கு ஒரு மாதம். தோல் காய்த்துவிட்டால் தெரியாது. கம்பி வாங்கும்போது கடையில் பத்தில் தொடங்கும் செட் கேளுங்கள், மெல்லிய கம்பி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு என்று அர்த்தம். நிறைய கிட்டார்களில் பன்னிரண்டு போட்டு வரும், அது தொடங்குகிறவனுக்குக் கொஞ்சம் முரடு. விரலை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள், இடைவெளியின் நடுவில் அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் வேண்டும், அப்படியும் கரகரவென்று இரையும்.

விரல் நுனி எரியலாம். மணிக்கட்டு வலித்தால் அது வேறு கதை, உடனே நிறுத்திவிட்டு உட்காருகிற விதத்தைப் பாருங்கள், மணிக்கட்டு ரொம்ப மடிந்திருக்கும்.

நான் செம்பனைக் குலை வெட்டுகிறவன். என் விரல் இந்தத் தடிமன். எனக்கெல்லாம் வருமா?

உங்களுக்கு முதல் மாத வலியே இருக்காது, நாங்கள் காய்க்க வைக்கிற தோலை நீங்கள் வேலையிலேயே காய்க்க வைத்துவிட்டீர்கள். தடிமன் ஒரு பிரச்சினையே இல்லை, விரலைப் படுக்கவைக்காமல் நுனியில் நிற்கவைத்தால் பக்கத்துக் கம்பியைத் தொடாது. இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நான் கேட்ட வாசிப்பாளர்களில் நல்ல தடித்த சத்தம் வருகிறவர்கள் இப்படிப்பட்ட கைக்காரர்கள்தான்.

சுருதி சேர்க்கத் தெரியவில்லை. செயலி காட்டுவது புரியவில்லை.

தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தடித்ததுதான் ஆறாம் கம்பி, மெல்லியது முதல் கம்பி, இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு முதல் கம்பியைத் தடித்த கம்பி அளவுக்கு முறுக்க நினைக்கிறவர்கள் உண்டு. கைப்பேசியில் கிட்டார் டியூனா மாதிரி ஒரு செயலி போதும். திருகை முறுக்குவதற்குமுன் எந்தக் கம்பியைத் தட்டுகிறோம், எந்தத் திருகைத் திருப்புகிறோம் என்று கண்ணால் ஒரு தரம் தொடர்ந்து பார்த்துவிடுங்கள், அறுந்த கம்பிகளில் முக்கால்வாசி இதனால் அறுந்தவை. சுருதி ஏறிவிட்டால் கீழே இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றி நிறுத்துங்கள், அப்போதுதான் நிற்கும்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது செயலிக்குக் காது கேட்காது. அதற்காகக் கிட்டாரின் தலைப்பக்கத்தில் கவ்வுகிற டியூனர் ஒன்று வாங்கிவைப்பது நல்லது, அது மரத்தின் அதிர்வைப் பிடிக்கிறது, மழையைக் கண்டுகொள்வதில்லை. காதைப் பழக்க வேண்டுமென்றால் பழைய வழி: ஆறாம் கம்பி ஐந்தாவது ஃபிரெட் அழுத்தினால் ஐந்தாம் கம்பியின் சத்தம் வரவேண்டும், அப்படியே அடுத்தடுத்து, மூன்றாம் கம்பிக்கு மட்டும் நான்காவது ஃபிரெட்.

முதலில் எந்த கார்டு?

ஈ மைனர். நடுவிரல் ஐந்தாம் கம்பி இரண்டாவது ஃபிரெட், மோதிர விரல் நான்காம் கம்பி இரண்டாவது ஃபிரெட், ஆறு கம்பியையும் தட்டலாம். இரண்டே விரல். முதல் நாளே கிட்டார் கிட்டார் மாதிரிச் சத்தம் போட்டால்தான் இரண்டாம் நாள் கையில் எடுக்கத் தோன்றும்.

அப்புறம் ஏ மைனரும் சியும், ஜோடியாக. ஏ மைனருக்கு ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பி முதல் ஃபிரெட், நடுவிரல் நான்காம் கம்பி இரண்டாவது, மோதிர விரல் மூன்றாம் கம்பி இரண்டாவது. இப்போது மோதிர விரலை மட்டும் தூக்கி ஐந்தாம் கம்பி மூன்றாவது ஃபிரெட்டில் வையுங்கள். சி வந்துவிட்டது. மற்ற இரண்டு விரலும் அசையவே இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மூன்று விரலையும் தூக்கித் தூக்கி வைத்து நான்கு மாதம் வீணாக்கினேன், ஒரு நாள் அசதியில் இரண்டு விரலை எடுக்காமல் விட்டபோதுதான் தெரிந்தது.

பிறகு ஜி, டி. இந்த ஐந்தும் வந்துவிட்டால் நூறு பாட்டுக்கு வாசிக்கலாம், மிகையாகச் சொல்லவில்லை.

கார்டு தனித்தனியாக வருகிறது. மாற்றும்போது தாளம் நின்றுவிடுகிறது.

எல்லோருக்கும் இதுதான். விடை இடது கையில் இல்லை, வலது கையில் இருக்கிறது. நீங்கள் இடது கை தயாராகும்வரை வலது கையை நிறுத்திக் காத்திருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். கார்டு அரைகுறையாக இருந்தாலும், விரல் இன்னும் காற்றில் இருந்தாலும், வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், கம்பியில் பட்டால் பட்டது, படாவிட்டால் போகட்டும். திருவிழாவில் உருமி மேளம் பார்த்திருப்பீர்கள். ஒருவன் அடி தப்பினால் குழு நிற்குமா? நடந்துகொண்டே அடுத்த அடியில் சேர்ந்துகொள்வான். உருமி அடிக்கிற பையன்கள் கிட்டாருக்கு வந்தால் கார்டு பத்து நாளைக்கு அசிங்கமாக இருக்கும், தாளம் முதல் நாளே நிற்கும். சில மாதத்தில் அவர்கள்தான் முன்னால் போய்விடுவார்கள், கார்டை மட்டும் சுத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. கம்பிகளின் மேல் இடது கையைச் சும்மா படியவைத்து ஊமையாக்கிவிட்டு, நிமிடத்துக்கு 60 அடி மெட்ரோனோமில் (தாளம் தட்டிக்காட்டுகிற கருவி) கீழ், கீழ், கீழ், கீழ். ஒரு நாள் முழுக்க இதுதான். மறுநாள் இடையில் மேல் அடியும். பக்கத்து வீட்டு அத்தைக்கும் தொந்தரவில்லை, லயத்துப் பலகைச் சுவரில் என்னைக் காப்பாற்றியது இந்த ஊமைப் பயிற்சிதான்.

எஃப் வரவே இல்லை. விட்டுவிடலாமா?

எஃப்பை இப்போதைக்கு விடுங்கள், கிட்டாரை விடாதீர்கள். ஒரு விரலால் ஆறு கம்பியையும் அழுத்துவது முதல் ஃபிரெட்டில்தான் மிகக் கஷ்டம், நட் உயரமாக இருந்தால் இன்னும் மோசம். அதற்குப் பதில் சின்ன எஃப்: நான்காம் கம்பி மூன்றாவது ஃபிரெட், மூன்றாம் கம்பி இரண்டாவது, இரண்டாம் கம்பி முதலாவது, முதல் கம்பி திறந்தே இருக்கட்டும். கணக்கில் இது எஃப் மேஜர் ஏழு, பாட்டில் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. முழுப் பட்டை பிடிப்பதை ஐந்தாவது ஃபிரெட்டில் பழகி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வாருங்கள்.

'இளைய நிலா' முன்னிசைதான் எனக்கு வேண்டும். அதில் ஆரம்பிக்கலாமா?

எல்லோரும் அதைக் கேட்டுத்தான் கிட்டார் வாங்குகிறோம். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்தது, இன்றைக்கும் யாராவது கிட்டாரைக் கையில் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்கிற முதல் பாட்டு. இளையராஜா 1976-இல் இசையமைப்பாளராக வருவதற்குமுன் ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர், அவர் பாட்டில் கிட்டார் சும்மா பின்னால் நிற்காது, பாடகனோடு பேசும். அதனால்தான் அவை தொடக்கப் பாட்டு இல்லை. அந்த முன்னிசை விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டுவது, கட்டைவிரலும் மற்ற விரல்களும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து எடுங்கள். இப்போது நான்கு கார்டில் சுற்றிவருகிற பாட்டு எதையாவது, முக்கியமாக உங்களுக்கு வரி மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத பாட்டில் பழகினால் எங்கே தப்பு என்றே காதுக்குத் தெரியாது.

கோயில் பஜனையில் ஹார்மோனியக்காரர் "ஐந்தரைக் கட்டை" என்கிறார். கிட்டாரில் அது எங்கே?

ஒரு கட்டை என்றால் சி. இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. அரை சேர்ந்தால் ஹார்மோனியத்தில் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. ஐந்தரை என்பது ஜி ஷார்ப். அதற்குப் புது கார்டு படிக்க வேண்டாம், கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) ஒன்று வாங்கி முதல் ஃபிரெட்டில் மாட்டிவிட்டு ஜியில் வாசிக்கிற மாதிரியே வாசியுங்கள். கேப்போ ஒரு ஃபிரெட் ஏறினால் அரைக் கட்டை ஏறும், மூன்றிலிருந்து நான்குக்கு மட்டும் நடுவில் கறுப்பு இல்லாததால் ஒரே ஃபிரெட். தேவார வகுப்பில் ச ரி க ம பாடினவர்களுக்கு இன்னொரு லாபம்: சங்கராபரணத்தின் ஸ்வரங்களும் மேஜர் ஸ்கேலும் ஒன்றே. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

யூடியூப்பில் யாரைப் பார்க்கலாம்?

ஒரே ஒருவரைப் பாருங்கள், அதுதான் முக்கியம். நான் ஜஸ்டின் சாண்டர்கோ என்கிற ஆஸ்திரேலியக்காரரைச் சொல்வேன். 2003-லிருந்து தன் தளத்தில் தொடக்கப் பாடங்களை இலவசமாகக் கொடுத்துவருகிறார், வரிசை ஒழுங்காக இருக்கிறது. அவர் டி, ஏ என்று தொடங்குவார், நான் மேலே ஈ மைனர் என்றேன், சண்டை வேண்டாம், அவர் வரிசையிலேயே போங்கள். ஒரு நிமிடத்தில் இரண்டு கார்டை எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணிக் குறித்துவைக்கிற பயிற்சி அவர் சொல்லிக்கொடுப்பது, செய்யுங்கள். வாரம் ஒரு தரம் உங்கள் வாசிப்பைக் கைப்பேசியில் பதிந்து கேளுங்கள். முதல் தடவை வெட்கமாக இருக்கும்.

எஸ்பிஎம் தேர்வு வருகிறது, அம்மா கிட்டாரைப் பூட்டி வைத்துவிட்டார்.

அம்மாவிடம் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் கேளுங்கள் தம்பி, அதற்குமேல் தேவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் வாசித்துவிட்டு ஆறு நாள் தொடாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். நானும் நைட் ஷிப்ட் முடித்து வந்து குளிக்கப் போவதற்குமுன் பத்து நிமிடம்தான் வாசித்தேன்.

கம்பி துருப்பிடிக்கிறது, கிட்டார் வயிறு உப்பியிருக்கிறது. ஏன்?

நம் ஊர்க் காற்று. கிட்டாருக்கு 45லிருந்து 55 சதவீத ஈரப்பதம் சுகம், இங்கே மழைக்காலத்தில் 80-ஐச் சாதாரணமாகத் தாண்டும். மரம் ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்பும், உப்பினால் கம்பி உயரும், போன மாதம் மூன்று அட்டை போன இடத்தில் இந்த மாதம் நான்கு போகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் மேலும் கீழும் துடையுங்கள். பைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள், சமையலறைச் சுவரில் மாட்டாதீர்கள். தொடங்கிய புதிதில் மட்டும் கண்ணில் படுகிற இடத்தில் வெளியே வைக்கலாம், கையில் எடுப்பீர்கள்.

ஈரத்தைவிட மோசம் கார். ஈப்போவில் ஒரு மத்தியானம் சாப்பிடப் போகும்போது கிட்டாரைக் காரில் விட்டுவிட்டுப் போனேன், திரும்பி வந்தபோது பசை இளகி பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கியிருந்தது. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

இடது கைக்காரன் நான்.

எழுதுவது மட்டும் இடது கை என்றால் சாதாரணக் கிட்டாரிலேயே பழகிப் பாருங்கள், கடையில் இடது கைக் கிட்டார் கிடைப்பது அரிது. பந்து வீசுவது, தாளம் போடுவது எல்லாமே இடது என்றால் தேடி வாங்குங்கள். கம்பியை மட்டும் மாற்றிப் போட்டால் நட்டின் பள்ளங்களும் சேடலின் சரிவும் பொருந்தாது.

எனக்கு 52 வயது. இனிமேலா?

விரல் மெதுவாக வரும், பாட்டு நிறையத் தெரியும், இரண்டும் சரியாகப் போய்விடும் அக்கா.

பழைய கிட்டார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கூட வந்து பார்ப்பீர்களா?

ஷிப்ட் இல்லாத சனிக்கிழமை என்றால் வருகிறேன். அட்டைகளை மறக்காதீர்கள். மோட்டாரில் போவதாக இருந்தால் பெரிய குப்பைப் பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், மாலையில் கட்டாயம் மழை பிடிக்கும், துணிப் பை தாங்காது.